நேரில் பார்க்காமல் பழைய பைக் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேரன்மகாதேவியில் பதினாறு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடையும், அதனோடு சேர்த்து இணையவழி விண்ணப்பங்களைப் பதிந்து கொடுக்கும் வேலையும் செய்துவருகிறேன். வருமானச் சான்று, பட்டா மாறுதல், மின்கட்டணம் என்று வருகிறவர்களுக்கு நடுவே, பழைய பைக்கின் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, தம் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களும் வாரந்தோறும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வண்டியை வாங்குவதற்கு முன்பு என்னிடம் வருவதில்லை. "பைசா போட்டாச்சு அண்ணாச்சி, இனி என்ன செய்யணும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். காகிதங்களை வாங்கிப் பார்க்கும்போது, முந்தின நாளே காட்டியிருந்தால் இந்த வண்டியின் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லியிருப்பேனே என்று மனம் கனத்துப்போகும் சந்தர்ப்பங்கள் பல வந்திருக்கின்றன.

சென்ற வாரம் முக்கூடலைச் சேர்ந்த ஓர் இளைஞர் பணம் கொடுப்பதற்கு முன்பே வந்தார். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்; இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பப் பஸ் கிடைக்காமல் விடியும்வரை காத்திருக்கிறவர். சென்னை வேளச்சேரியில் 2021ஆம் ஆண்டு பதிவான 150 சிசி வண்டி ஒன்று 62,000 ரூபாய்க்கு விலைக்கு வந்திருப்பதாகக் கூறி, கைபேசியில் எட்டுப் படங்களைக் காட்டினார். வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்றும், அன்று இரவுக்குள் 5,000 ரூபாய் டோக்கன் போட்டால் வண்டியை இவருக்கே எடுத்து வைப்பதாகவும் விற்பவர் சொல்லியிருக்கிறார். அனுப்பலாமா, வேண்டாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலை, அதே நிலையில் இருக்கும் நம் மாவட்டத்து இளைஞர்கள் பலருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் தங்கள் நாளிதழ் வழியாக எழுதுகிறேன்.

வெளியூர் வண்டியைத் தேடுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள பழைய வண்டிக் கடைகளில் நிற்பதைவிடப் பல மடங்கு வண்டிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் விலைக்கு வருகின்றன; அங்கே விலையும் சில ஆயிரங்கள் குறைவாக இருக்கிறது. ஆனால் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு வண்டியைப் பார்த்துவர இரண்டு இரவுப் பயணமும், ஒரு நாள் சம்பளமும், சாப்பாடு உட்பட ஏறத்தாழ 2,000 ரூபாய்ச் செலவும் ஆகும். போய்ப் பார்த்து வண்டி பிடிக்காமல் போனால் அந்தப் பணம் வீண் என்றே மாதச் சம்பளக்காரரின் மனம் கணக்குப் போடும். எனவே, பார்க்காமல் வாங்கவே கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. அதனால் யாருக்கும் பயன் இல்லை.

நான் அந்த இளைஞரிடம் முதலில் சொன்னது, வண்டியில் இரண்டு பாகம் உண்டு என்பதுதான்: ஒன்று காகிதம், மற்றொன்று இரும்பு. காகிதத்தைப் பார்ப்பதற்குச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. வண்டி எண் இருந்தால் போதும். பதிவான தேதி, எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், காப்பீடு எதுவரை இருக்கிறது என்பன போன்றவற்றை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ அதன் கைபேசிச் செயலியிலோ பார்த்துவிடலாம். போக்குவரத்து அபராதங்கள் நிலுவையில் இருக்கின்றனவா என்பதையும் இ-சலான் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அதன் பிறகு, விற்பவரிடம் ஆர்.சி.யின் இரு பக்கங்களின் படத்தையும் கேட்டு வாங்கி, அதில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியின் கழுத்துப் பகுதியிலும், என்ஜின் எண்ணை என்ஜினிலும் கொத்தப்பட்டிருக்கும் எண்களின் தெளிவான படங்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். இந்தப் படங்களை அனுப்பத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய அவசியமே இல்லை.

ஆர்.சி.யில் ஏதேனும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததா என்று வாய்மொழியாகக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. கடன் கட்டி முடித்திருந்தாலும், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கொடுத்து அந்தப் பதிவை நீக்கும்வரை வண்டி காகித அளவில் அடமானத்தில்தான் இருக்கிறது. "டியூ எல்லாம் முடிஞ்சுது, எச்.பி. கேன்சல் மட்டும் பாக்கி" என்று, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குவது மட்டுமே மிச்சம் என்று, சொல்லி விற்கப்பட்ட வண்டிகளோடு என் கடைக்கு வந்து, ஐந்தாறு மாதம் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தில் நான் மிகவும் அஞ்சுவது இன்னொன்று. கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவங்கள் 29, 30 ஆகியவற்றை ஆர்.சி.யோடு சேர்த்து மடித்துக் கொடுத்து, வண்டி கை மாறிக் கை மாறி வரும் வழக்கம் அது. ஆர்.சி.யில் இருப்பவர் ஒருவர், பணம் வாங்குகிறவர் வேறொருவர். நேரில் போகிறவராவது விற்பவரின் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பார்க்கிறார். பார்க்காமல் வாங்குகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. வருவது ஆர்.சி.யோடு பதிவாகியிருக்கும் உரிமையாளரின் கைபேசிக்கு. அந்த உரிமையாளர் இன்று எங்கே இருக்கிறார் என்பது விற்பவருக்கே தெரியாத வண்டிகள், அடையாள எண்ணும் ஆவணமும் சரியாக இருந்தும், என் கடை மேசையில் அப்படியே நின்றுபோயிருக்கின்றன.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் பல கை மாறிய ஒரு வாகனம் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் முடிப்பது விற்பவருக்கும் நல்லது. செங்கோட்டை வழியாகப் போய்க் கொல்லம், புனலூர் பக்கத்து வண்டிகளை மலிவாக வாங்குகிறவர்கள், கேரளப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, தமிழகத்தில் கட்ட வேண்டிய ஆயுட்கால வரி, புதிய பதிவு எண் ஆகியவற்றின் செலவையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்; பெரும்பாலும் அந்த மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

காகிதம் சரியாக இருந்தால் மட்டுமே இரும்பைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, பார்க்காமல் வாங்குவது தவறு என்று உறுதியாக நம்பிய நான், நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை சென்று ஒரு வண்டியை நேரில் பார்த்தேன். திரும்பி வர ரயிலுக்கு முன்பதிவு செய்யவில்லை. ஹெல்மெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். போனபோது என்ஜின் சூடாக இருந்தது. "இப்பதான் சார் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் விற்றவர். ஓட்டிப் பார்த்தபோது கைப்பிடி லேசாக இடது பக்கம் இழுத்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும், டயரில் காற்று குறைவாக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓர் இரவு முழுவதும் பயணம் செய்து வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப என் மனம் இடம் கொடுக்கவில்லை. ஊருக்கு வந்து எங்கள் மெக்கானிக்கிடம் விட்டபோது, முன்பக்க ஃபோர்க் வளைந்திருப்பதையும் சேசிஸில் வெல்டிங் வைத்திருப்பதையும் காட்டினார். அவை தவிர, காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் இரண்டு நிமிடம் சைலன்சரில் நீலப் புகை வந்தது. என்ஜினின் வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரிகிறது என்பதற்கு அடையாளம் அது. சூடான என்ஜினில் அந்தப் புகையை நான் பார்த்திருக்க முடியாது. வேலை முடிய 11,000 ரூபாய் ஆனது; ஃபோர்க்கை மாற்றியும் அந்த வண்டி கடைசிவரை நேராக ஓடவில்லை.

நேரில் போவது மட்டுமே பாதுகாப்பு இல்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். வண்டியிலேயே ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு கிளம்புகிறவர் தம் ஊரிலேயே வண்டியை வாங்கி முடித்துவிடுகிறார். அங்கே போய் அவர் செய்வது பணத்தைக் கொடுப்பது மட்டும்தான். வண்டியைத் தெரிந்த கண், வேண்டாம் என்று சொல்வதால் எதையும் இழக்காத கண், அந்த வண்டியின் அருகில் நிற்க வேண்டும். அந்தக் கண் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

களக்காட்டைச் சேர்ந்த வாழை விவசாயி ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் செய்தார். கோயம்புத்தூரில் இருந்த ஒரு வண்டியை அவர் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. அங்கே மில்லில் வேலை பார்க்கும் தம் மைத்துனரிடம் வண்டியைப் பார்க்கச் சொல்லாமல், தினமும் வண்டி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். உறவினர் என்றால் பெயின்டைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்று சொல்லிவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மெக்கானிக்குக் கூலி 700 ரூபாய், வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உண்டு என்று முதலிலேயே பேசிக்கொண்டார். விற்பவருக்குப் பழக்கமில்லாத ஆளாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. காலை ஆறரை மணிக்குப் போய், என்ஜினில் கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வைத்தார் அந்த மெக்கானிக். மெயின் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி, கைப்பிடி திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட் தேய்ந்து நடுவில் பிடிக்கிறதா என்று பார்த்தார். செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கூர்மையாகிவிட்டிருந்தன. ஃபோர்க் ஆயில் சீல் கசிந்தது. என்ஜினும் சேசிஸும் நன்றாக இருந்தன. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதைப் பார்த்து, பின்டயர் ஆறு ஆண்டு பழையது என்றும் சொன்னார். இந்த மூன்று குறைகளையும் சொல்லி 4,500 ரூபாய் விலையைக் குறைத்துத்தான் வண்டியை முடித்தார்கள். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, சாக்குச் சுற்றிக் கட்டி, ரயில் பார்சலில் திருநெல்வேலி சந்திப்புக்கு வந்து இறங்கியது அந்த வண்டி. இன்றும் அவர் அதில்தான் தோட்டத்துக்குப் போகிறார்.

வேளச்சேரி வண்டிக்குத் திரும்புகிறேன். அந்த இளைஞரிடம் நான் கேட்கச் சொன்ன முதல் கேள்வி, 2023 டிசம்பரில் இந்த வண்டி எங்கே நின்றது என்பது. அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இதைச் சென்னைக்காரர்கள் மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியிலும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்திலும் எத்தனையோ இருசக்கர வாகனங்கள் இருக்கைவரை மூழ்கிக் கிடந்தன. அவற்றில் பலவும் கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, இன்று வெளியூர்க்காரர்களின் கையில் ஓடிக்கொண்டிருக்கும். நாமும் விற்பவர்கள்தான், மூழ்கிய வண்டியை விற்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லும் கடமை நமக்கும் உண்டு.

மூழ்கிய வண்டியை விற்பவர் அனுப்பும் படங்களில் கண்டுபிடிக்க இயலாது. நாம் கேட்டு வாங்கும் படங்களில் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இருக்கையைக் கழற்றி அதன் அடியில் உள்ள வயரிங் இணைப்புகளின் படம், ஏர் ஃபில்டர் பெட்டியின் உட்புறம், ஹெட்லைட் கண்ணாடியின் கீழ்விளிம்பு ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். செம்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு, பெட்டியின் மூலையில் காய்ந்த வண்டல், கண்ணாடிக்குள் மங்கலான நீர்க்கோடு ஆகியவை எளிதில் போகாதவை. தண்ணீர் புகுந்த என்ஜினின் பேரிங்குகள் உடனே சத்தம் போடாமல், சில மாதங்கள் கழித்து வாங்கியவர் கையில் சத்தம் போடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். முழுக் காப்பீடு எடுத்த வண்டியாக இருந்தால், பழைய பாலிசிகளைக் கேட்டு வாங்கி, உரிமைகோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி விகிதத்தைப் பார்க்கலாம். ஏறிக்கொண்டே வந்த தள்ளுபடி ஓர் ஆண்டு திடீரென்று பூஜ்யமானால், அதற்கு முந்தைய ஆண்டில் பெரிய வேலை ஏதேனும் நடந்ததா என்று கேட்பதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தத் தள்ளுபடி விற்பவருக்கு உரியது; வண்டியோடு வாங்குபவருக்கு வராது. 2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக விற்கப்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வருவதால், 2021 வண்டிக்கு அது 2026இல் முடிகிறது என்பதையும் விலை பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் மேல் ஆசைப்பட்டு, கிடைக்கிற ஊரிலிருந்தெல்லாம் பார்க்காமல் வரவழைக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். அந்த வண்டியின் தயாரிப்பு 1996இல் நின்றுவிட்டது. பதிவுச் சான்றின் ஆயுள் 15 ஆண்டுகள். எனவே புதுப்பிக்கப்பட்ட ஆர்.சி. இல்லாத ஆர்.எக்ஸ். 100 எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

இனி டோக்கன். எல்லாவற்றையும்விட இதைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். 5,000 ரூபாய் அனுப்பிய மறுகணம் முதல் நம் மனம் அந்த வண்டியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதுவரை குறையாகத் தெரிந்தது எல்லாம் சரிசெய்துகொள்ளலாம் என்று தோன்ற ஆரம்பிக்கிறது. மெக்கானிக் வேண்டாம் என்று சொன்னால், போட்ட பணம் போய்விடுமே என்று அவர் பேச்சைத் தள்ளுகிறோம். தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றல் வந்துவிட்டதால் அவசரமாக விற்பதாகவும் சொல்லி, அடையாள அட்டைப் படத்தை அனுப்பி, முன்பணம் என்றும் வண்டியை அனுப்பும் செலவு என்றும் தவணை தவணையாகப் பணம் கறந்துவிட்டு மறைந்துபோகும் மோசடிக்கும் இந்த டோக்கன்தான் வாசல். அப்படிப் பணம் போய்விட்டால், கூச்சப்பட்டு வீட்டில் மறைத்து நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நம் ஆள் வண்டியைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டால் வாங்கிக்கொள்ளட்டும்; பழைய வண்டிக்கு நாட்டில் பஞ்சம் இல்லை.

பொருட்கள் விற்பனைச் சட்டம் 1930இன் 41ஆம் பிரிவு, முன்பு பார்க்காத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்று சொல்கிறது. விவரித்துச் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் 15ஆம் பிரிவாக இருக்கிறது. ஆகவே விற்பவர் வண்டியைப் பற்றிச் சொல்வதை எல்லாம் தொலைபேசிப் பேச்சாக விடாமல், எத்தனையாவது உரிமையாளர், விபத்து உண்டா, தண்ணீரில் மூழ்கியதா என்பவற்றை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 62,000 ரூபாய் வண்டிக்காகச் சென்னைக்காரர் மீது வழக்கு நடத்த நம்மில் எத்தனை பேரால் முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முக்கூடல் இளைஞர் அன்று இரவு டோக்கன் அனுப்பவில்லை. வண்டி எண்ணில் தொடங்கி, என்ஜினில் கை வைத்துக் காட்டி, ஸ்டார்ட் செய்வதுவரை வெட்டாத ஒரே காணொளியும், மேலே சொன்ன மூன்று படங்களும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கிண்டியில் வேலை பார்க்கும் நண்பர் மூலம் ஒரு மெக்கானிக்கையும் தேடிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதும் நேரம்வரை விற்பவரிடமிருந்து இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. இருக்கைக்கு அடியில் எடுத்த படம் வரவில்லை.

தெரியாத ஊரில் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் மிகவும் கடினமான வேலை. களக்காட்டு விவசாயிக்கு மைத்துனர் இருந்தார். எல்லோருக்கும் எல்லா ஊரிலும் மைத்துனர்கள் இருக்க மாட்டார்கள். இதற்கு அரசே ஒரு வழி செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பேட்டையில் இருப்பதுபோல மாநிலம் முழுவதும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. வண்டி வேலை கற்பிக்கும் பிரிவு உள்ள நிலையங்களில், சனிக்கிழமைதோறும் குறிப்பிட்ட கட்டணம், ஐந்நூறோ அறுநூறோ, வாங்கிக்கொண்டு, விற்பனைக்கு வரும் இருசக்கர வாகனங்களைப் பயிற்றுநரின் மேற்பார்வையில் மாணவர்கள் சோதித்து, முத்திரையிட்ட ஒரு பக்க அறிக்கை கொடுக்கலாம். முந்தின இரவே வண்டியைக் கொண்டுவந்து நிலையத்தில் விடச் சொன்னால், மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினைச் சோதிக்க முடியும். விற்பவர் கோயம்புத்தூரிலும் வாங்குபவர் வள்ளியூரிலும் இருந்தாலும், இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது கண் ஒன்று வண்டியைப் பார்த்ததாக ஆகும். மாணவர்களுக்கும் புத்தகத்தில் இல்லாத பழுதுகளைக் கையால் தொட்டுப் படிக்கும் வாய்ப்பு அமையும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதைப் பரிசீலித்து, முதலில் பேட்டை நிலையத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான விண்ணப்பங்களை இலவசமாகப் பதிந்து கொடுக்க என் கடை தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சேரன்மகாதேவி.